மின்னாத தண்ணீர்

புள்ளி ஆபீசுக்குள் நுழைய ஐந்து காரியம் செய்ய வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். ஒட்டும் பாயில் இரண்டு காலையும் ஒற்றி எடுக்க வேண்டும். தலைக்கு நீல உறை போட வேண்டும். வாய்க்கு வெள்ளை உறை போட வேண்டும். ஐந்தாவதாக, அதிராமல் நடப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளுக்கு அதிர்வு அனுமதிச் சீட்டு என்று பெயர்.

காந்தா ஐந்தையும் செய்தாள். கையில் இருந்த வலைத் துண்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா அது கையில?" என்றார் நிர்வாக அலுவலர் தமிழ்வேந்தன்.

"எங்க வலை சார். மோந்து பாருங்க."

"மோந்தெல்லாம் பாக்க முடியாதும்மா. மாஸ்க் போட்டிருக்கேன் பாருங்க."

"கயட்டிட்டு மோந்து பாருங்க."

"கழட்டறதுக்கு தனி அனுமதிம்மா."

வலையின் கண்களில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒன்று அப்பியிருந்தது. அதில் ஒரு தலைமயிர், நைந்த காகிதம், செத்த எறா ஒன்று. எறாவின் செவுள் கறுத்திருந்தது. தமிழ்வேந்தன் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கணினியைப் பார்த்தார்.

பெயர்ப்பலகையில் ஒற்றை மூலக்கூறு உயர்பிரிதிறன் ஒளியியல் உற்றுநோக்கு மையம் என்று எழுதியிருக்கும். பொன்னேரியிலிருந்து வரும் பஸ்ஸில் அவ்வளவையும் சொல்வதற்குள் நிறுத்தம் போய்விடும். உள்ளே சுவர் முழுக்கக் கறுப்புப் படங்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆகவே சுற்றுவட்டாரத்துக்கு அது புள்ளி ஆபீஸ்.

"உங்க குழாய மூடணும் சார். அத்த சொல்லத்தான் வந்தேன்," என்றாள் காந்தா. "உங்க கக்கூசுத் தண்ணி அப்படியே ஏரியில எறங்குது. நேத்து எங்க பாடு. வலைய தூக்குனா எறா இல்ல, பீ."

"மெதுவாப் பேசுங்கம்மா. கீழ கருவி ஓடுது."

பாடு என்பது ஏரிக்காரர்களின் முறை. எறா நன்றாக விழும் இடங்களை ஊரார் வீட்டுக்கு ஒருநாள் என்று பங்கிட்டுக்கொள்வார்கள். ஓடைக்குப்பத்தில் இருபத்துநாலு வீடு. அன்றைக்கு யார் பாடோ அவர் வலைதான் அங்கே இறங்கும், மற்றவர் அந்தத் தண்ணீரில் கைகூட நனைப்பதில்லை. முகத்துவாரம் திறந்து வெள்ளை எறா ஏறி வரும் மார்கழியில் ஒரு பாடு போனால், அடுத்தது வர இருபத்துநாலு நாள். காந்தாவுக்கும் அவள் புருஷன் தாமோதரனுக்கும் ஒன்று போய்விட்டது. அடுத்ததற்குள் குழாயை மூட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குழாய் வந்த கதையும் சின்னதுதான். மையத்தின் வரைபடத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தரைக்கடியில் ஓர் அறை இருந்தது. கட்டி முடித்தபின் அளந்து பார்த்தார்கள். மையத்திலேயே அதிர்வு மிகக் குறைந்த இடம் அதுதான். உடனே அதில் உருப்பெருக்கியை வைத்துவிட்டார்கள். நாற்பது கழிப்பறையின் தண்ணீருக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டார்கள். தற்காலிகத்துக்கு இது மூன்றாவது வருஷம்.

சத்தம் கேட்டு இயக்குநர் முனைவர் வீரராகவன் வந்தார். அவர் நுனிக்காலில் நடப்பார். மையத்தில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். சம்பளம் வாங்கிய அன்றும் பதுங்கித் திருடப்போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

"என்ன குறை, தாயே?"

"ஏரி நாறுது சார்."

"ஏரி என்பது கூட்டம்," என்றார் இயக்குநர். "உலகம் கூட்டத்தைப் பார்த்தே கெட்டுப்போயிற்று. நாங்கள் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மூலக்கூறு. அது தனியாக என்ன செய்கிறது, எப்படி அசைகிறது, எங்கே நிற்கிறது, அதுதான் எங்கள் தவம்."

"தனியா நின்னா அது நாறாதே சார்."

"பார்த்தீர்களா, உங்களுக்கே அறிவியல் புரிகிறது!"

"எட்டிப் பாருங்க சார். அந்த சன்னல்ல நின்னா குழாய் தெரியுது."

"சன்னல் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல, தாயே."

"அப்போ மூக்கு?"

இயக்குநர் தமிழ்வேந்தனைப் பார்த்தார். தமிழ்வேந்தன் அங்கீகரித்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தார். "மூக்கும் இல்ல சார்."

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவர் தன் கையாலேயே, இன்றைக்கே, ஏரித் தண்ணீர் ஒரு சீசா எடுத்துவர வேண்டும். மையம் அதை உற்றுநோக்கும். உண்மை என்று தெரிந்தால் குழாயைப் பற்றி யோசிக்கும்.

வாசலில் தலையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டவள் மேரி. மையத்தில் பெருக்கித் துடைப்பவள், ஓடைக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர்.

"இன்னாக்கா, மூடறாங்களாமா?"

"சீசாவுல தண்ணி வேணுமாம்."

"நாப்பது கக்கூசு நான்தான் கயுவறேன். என்னைக் கேட்டா சொல்ல மாட்டனா?"

"நீயும் பட்டியல்ல இல்லடி."

காந்தா சீசாவோடு ஏரிக்குப் போனாள். அங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். ஏரிக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. குழாய் வாயில் அன்றைக்கு வேறு வீட்டுப் பாடு. அந்த இடத்தில் ஒரு சீசா தண்ணீர் எடுப்பதும் கை வைப்பதுதான். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்பதே முறை இல்லை. அவள் கரையில் ஒரு நாழி நின்று பார்த்துவிட்டு, படகு கட்டும் ஓடைக்குப் போய், எல்லோருக்கும் பொதுவான தண்ணீரில் சீசாவை முக்கினாள். ஏரி ஒன்றுதானே என்று நினைத்தாள். அந்த ஓடையில் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. சுத்தம்.

"அது வேற எடத்து தண்ணி சார்," என்றாள் காந்தா.

தமிழ்வேந்தன் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்போ பொய்யான சாம்பிள் கொடுத்தீங்களா?"

"அன்னிக்கு எங்க பாடு இல்ல சார். அடுத்தவங்க தண்ணியில எப்படி கை வெக்கறது?"

"தண்ணியில அடுத்தவங்க தண்ணின்னு உண்டா?"

"உங்க ரூமுக்குள்ள நான் வந்து உக்காந்தா?"

"அது ரூம்மா."

"அது பாடு சார்."

அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். யாருக்குப் பாடோ அவரே புகார் கொடுத்தவராக வர வேண்டும். பழைய புகார் முடிந்தது, புதியது தொடங்கும். காந்தாவின் பாடு போன பன்னிரண்டாம் நாள் தாமோதரனின் பெரியப்பா மகன் பொன்னுரங்கத்துக்குப் பாடு. அவரைக் காந்தா அழைத்து வந்தாள். எழுபது வயசு. தொடை இரண்டிலும் தண்ணீர் பட்ட மட்டத்துக்குத் தடித்துச் சிவந்திருந்தது. சொறிந்துகொண்டே ஒட்டும் பாயில் நின்றார்.

"இது இன்னாத்துக்கு காந்தா, காலை இப்படிப் புடிக்குது?"

"கால்ல இருக்கற தூசிய எடுக்குதாம், மாமா."

"தூசிய எடுக்கறவனுங்க பீய ஏன் வுடறானுங்க?"

"மெதுவாப் பேசு மாமா. கீழ கருவி ஓடுதாம்."

பொன்னுரங்கத்தின் சீசாவை மேசையில் வைத்ததும் மூன்று பேர் எழுந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆய்வாளர் பவித்ரா மட்டும் நின்றாள். சின்னப் பெண். மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டாள்.

உருப்பெருக்கி இயங்கும் நேரத்தில் ஏரியில் இயந்திரப் படகு ஓடக்கூடாது என்று முந்தின நாளே ஊருக்கு ஓர் அறிக்கை வந்திருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை மையத்துத் தெருவில் உருட்டிக்கொண்டே போக வேண்டும். மாதா கோயில் மணி அன்றைக்கு அடிக்கவில்லை. ஊர் நாய்களின் பெயர்ப் பட்டியல் கேட்டிருந்தார்கள். பெயர் இல்லாத நாய்களை என்ன செய்வது என்று ஊர் திருப்பி எழுதிக் கேட்டது. பதில் இன்னும் வரவில்லை.

தரையடி அறையில் இருட்டு. காற்றின் மேல் மிதக்கும் மேசையில் கருவி இருந்தது. பவித்ரா சீசாவிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்து, ஒரு பெரிய குடுவைத் தண்ணீரில் விட்டாள்.

"அது இன்னா தண்ணி?" என்றாள் காந்தா.

"சுத்தத் தண்ணிங்க. மூணு தடவை வடிச்சது."

குடுவையைக் குலுக்கி, அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இன்னொரு குடுவையில் விட்டாள். அதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவதில். மூன்றாவதிலிருந்து நாலாவதில்.

"இன்னாம்மா பண்றே?"

"நீர்த்துப்போக வைக்கணும்ங்க. எல்லாம் நெருக்கமா இருந்தா ஒரே வெளிச்சமாத் தெரியும். ஒவ்வொண்ணும் தள்ளித் தள்ளி நின்னாதான் ஒண்ணைத் தனியாப் பாக்கலாம்."

பொன்னுரங்கம் நாலாவது குடுவையை முகர்ந்தார். "இது நாறலியே."

"நாறாதுங்க."

"நாத்தம் போற வரைக்கும் நல்ல தண்ணி ஊத்திட்டு, அப்பால நாத்தம் இருக்குதானு பாப்பீங்களா?"

பவித்ரா குடுவையை வாங்கி மூடினாள். அவளுக்குப் பின்னால் இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் சொன்னது: "அதுதான் முறை, பெரியவரே. முறையை மாற்றினால் படம் கெட்டுவிடும்."

"ஏரி கெட்டா?"

"ஏரி எங்கள் கருவிக்குள் வராது."

பிறகு பவித்ரா ஒரு குட்டிச் சீசாவிலிருந்து மஞ்சளாக எதையோ சேர்த்தாள். கருவியின் நீல வெளிச்சம் பட்டதும் அது பச்சையாக எரிந்தது. இருட்டறையில் அந்தச் சொட்டு மின்மினி மாதிரி இருந்தது.

"இது சாயம்ங்க. மூலக்கூறு தானா மின்னாது. இது போய் ஒட்டிக்கிட்டா மின்னும். மின்னுனாதான் நமக்குத் தெரியும்."

"மின்னலேனா?"

"மின்னாதது இல்லை," என்றார் இயக்குநர். "அறிவியலில் அதற்கு இடம் கிடையாது. நாற்றம், அரிப்பு, புலம்பல், இவையெல்லாம் மின்னுவதில்லை. மின்னியிருந்தால் நாங்களே முதல் ஆளாக வந்திருப்போம்."

திரையில் கறுப்பு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் தொடையைச் சொறியப் போனார், தமிழ்வேந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்புக்கு நடுவில் ஒரு புள்ளி எரிந்தது.

"வந்தது!" என்று இயக்குநர் கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. "புலிகாட்டு ஏரியின் முதல் மூலக்கூறு!"

"அது பீயா சார்?" என்றாள் காந்தா.

புள்ளி அணைந்தது.

திரையை ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். அது திரும்ப எரியவில்லை.

"வெளுத்துப்போச்சுங்க," என்றாள் பவித்ரா. "வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா சாயம் செத்துரும்."

"அப்போ நாம பாத்தது உங்க சாயத்ததானா?"

"சாயம் ஒட்டினதை..."

"எதுல ஒட்டிச்சு?"

"அது... தெரியாதுங்க."

தமிழ்வேந்தன் குறித்துக்கொண்டார். "சாட்சி வெளுத்துவிட்டது."

ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. வழவழப்பான அட்டை, தங்க ஓரம், மேலே கறுப்புப் படமும் புள்ளியும். கண்ணாடித் தகட்டில் மூலக்கூறு இருந்த இடம் இருபது நானோமீட்டர் துல்லியத்தில் கண்டறியப்பட்டது என்று முதல் வரி. அது ஏரிக்கு எங்கிருந்து வந்தது என்பது மையத்தின் காட்சிப்புலத்துக்கு அப்பாற்பட்டது என்று இரண்டாம் வரி. மொத்தம் காணப்பட்டது ஒன்று, அனுமதிக்கத்தக்கது, புகார் முடிந்தது என்று மூன்றாம் வரி.

"இருபது நானோ எவ்ளோ?" என்று தாமோதரன் கேட்டான்.

"மயிர எடுத்து ஆயிரம் ஆயிரமா வகுந்தா வர அளவாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"அத்தினி துல்லியமா பாக்கறவனுக்கு நாப்பது கெஜம் தள்ளி இருக்கற குழாய் தெரியலியா?"

"குழாய் ரொம்பப் பெரிசாம்யா. கருவிக்குள்ள அடங்காதாம்."

தாமோதரன் சான்றிதழை வாங்கிப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தான். "இன்னும் அஞ்சு நாள்ல நம்ம பாடு," என்றான். "வலைய தொவைச்சு வெச்சிருக்கேன். மறுபடியும் அதுலயே எறக்கறதானு சொல்லு."

காந்தா சான்றிதழை வாங்கிக் கூரையில் செருகினாள். மறுநாள் மையத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் போய் மேரியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி மேரி, அந்த மஞ்ச சாயம், மின்னறது, அது நெறைய வெச்சிருக்காங்களா?"

"பீரோ நெறையக்கா. பாதி காலாவதி. பெரிய பாட்டில் பாட்டிலா வாங்கி அடுக்கிட்டாங்க, ஒரு நாளைக்கு செலவு ஒரு சொட்டு."

"எறாவுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அந்த ஒண்ணு மட்டும் ஆவாதாம். பவித்ராம்மாவ கேட்டேன். கண்ணு டாக்டர் கண்ணுல வுட்டுப் பாக்கறதே அதானாம். ஏங்க்கா?"

"மின்னாதது இல்லைன்னு சொன்னாருடி உங்க இயக்குநரு."

மேரி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். சிரிப்பு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே சிரிப்பதும் அதிர்வுதான்.

காந்தாவின் பாடு வரும் அன்றைக்குத்தான் தலைநகரிலிருந்து ஒரு பெரிய விருந்தினர் வருவதாக இருந்தது. மையத்துக்கு உயர்மையம் என்பதிலிருந்து மீயுயர்மையம் என்று தரம் உயர்த்திக் கொடுப்பதற்காக வருகிறார். முந்தின நாள் தமிழ்வேந்தன் குப்பத்துக்கே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு யாரும் ஏரியில இறங்கக் கூடாது. ஐயா மாடத்துல நின்னு பூநாரை பாப்பார்."

"நாளைக்கு எங்க பாடு சார்," என்றான் தாமோதரன்.

"இன்னொரு நாள் வச்சுக்கங்க."

"இன்னொரு நாள் இன்னொருத்தர் பாடு. இன்னா சார் மூக்க பொத்திகினு கீறீங்க? மூக்குதான் பட்டியல்லயே இல்லியே?"

தமிழ்வேந்தன் கையை எடுத்தார். அரை நிமிஷம் நின்றார். திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மையம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. காலாவதியான பொருள் ஒன்றும் விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. மேரி பாட்டில்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு தமிழ்வேந்தன் முன் நின்றாள்.

"சார், இத்த எங்க கொட்டறது?"

"எங்கயாவது கொட்டும்மா. வடிகால்ல மட்டும் கொட்டாதே. விதி எண் பதினாறு."

"கக்கூசுல?"

தமிழ்வேந்தன் விதிப் பட்டியலைப் புரட்டினார். கழிப்பறை வடிகாலா இல்லையா என்று எங்கும் சொல்லவில்லை. "தடை இல்லை," என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க சார். அப்பால என்மேல பழி வரக்கூடாது."

எழுதிக் கொடுத்தார். முத்திரையும் வைத்தார்.

பதினொரு மணிக்கு விருந்தினர் மாடத்துக்கு வந்தார். தலையில் நீல உறை, கழுத்தில் ரோஜா மாலை. ஏரி பார்வையாளர்களுக்காகவே இழைத்து வைத்த மாதிரி கிடந்தது. தொலைவில் பூநாரைகள். பக்கத்தில் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்று தாமோதரனும் காந்தாவும் வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காந்தா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"பாரம்பரிய மீன்பிடிப்பு," என்று இயக்குநர் அறிமுகம் செய்தார். "அவர்களும் அறிவியலில் பங்கேற்றவர்கள்தான். அந்தத் தாயாருக்குச் சான்றிதழ் வழங்கியிருக்கிறோம்."

"ஒரு மாதிரி வாடை வருகிறதே?" என்றார் விருந்தினர்.

"ஏரி வாடை, ஐயா. இயற்கை. ஒரு மையத்தின் பெருமை அது எதைப் பார்க்கிறது என்பதில் இல்லை. எதைப் பார்க்க மறுக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த மையம் இதுவரை ஒரு ஏரியையோ, ஒரு ஊரையோ, ஒரு மனிதரையோ பார்த்துத் தன் கவனத்தைச் சிதறவிட்டதில்லை என்பதைப் பெருமையோடு..."

குழாய் இருமியது. அது இருமிவிட்டுத்தான் கொட்டும். முதலில் வழக்கம்போலச் சாம்பல் கூழாக வந்தது. அதன் பின்னால் மஞ்சள். தண்ணீரைத் தொட்டதும் மஞ்சள் பச்சையானது. நெல் நாற்றுப் பச்சை இல்லை, பாசிப் பச்சை இல்லை. வெயிலில் விளக்கு எரிகிற மாதிரி ஒரு பச்சை. குழாய் வாயிலிருந்து விசிறி மாதிரி விரிந்து, வலைக் கம்புகளைச் சுற்றி, தாமோதரனின் இடுப்பைச் சுற்றி, நிதானமாக மாடத்துக்குக் கீழே வந்து நின்றது. அதில் என்னென்ன மிதந்து வருகின்றன, எது எந்த வேளையினுடையது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக, தனித்தனியாக, மிகத் துல்லியமாகத் தெரிந்தது.

இயக்குநரின் பேச்சு நின்றது. விருந்தினர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தார்.

காந்தா தண்ணீரிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டாள். "சார்! மின்னுது சார்! இப்ப தெரியுதா?"

விருந்தினர் மாடத்தின் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வருதுனும் தெரியுது பாருங்க! நானோ கீனோ வேணாம். குழாய் வாயி!"

"யோவ் தமிழ்வேந்தன்," என்றார் இயக்குநர். முதல் தடவையாக அவர் குரல் பேச்சுத் தமிழில் வந்தது. "என்னய்யா இது?"

"தடை இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன் சார்."

விருந்தினர் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்: "இது உங்கள் குழாயா?"

மின்னாதது இல்லை என்றால், மின்னுவது இருக்கிறது. இயக்குநரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் ஏரியைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். அப்போது அவர் முகம் வெளிறியது. தரையடி அறையின் காற்றுத்துளைகள் ஏரிப் பக்கம்தான் இருந்தன.

"ஐயோ," என்றார். "பின்னொளி! வெளியே இவ்வளவு வெளிச்சம் மின்னினால் உள்ளே ஒரு மூலக்கூறும் தெரியாதே! கருவி குருடாகிவிடுமே! மூடுங்கள்! குழாயை மூடுங்கள்!"

நாற்பது நிமிஷத்தில் மூடினார்கள். மூன்று வருஷமாக இல்லாத ஆட்கள் எங்கிருந்தோ வந்து மணல் மூட்டையும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். அன்று மாலையே வாயிலில் ஆணை ஒட்டப்பட்டது. பவித்ரா அதைக் காந்தாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"நாற்றத்தால் கருவிக்குப் பாதிப்பு இல்லை. ஒளியால் உண்டு. ஆகவே ஏரியின் ஒளி அடங்கும்வரை குழாய் மூடப்படுகிறது."

"அடங்குற வரைக்குமா?"

"ஆமாங்க. அடங்கினதும் திறக்கணும்னு சொல்லிட்டார். உள்ள கழிப்பறை எல்லாம் பின்னாடி ஏறி வருது. கீழ்த்தளத்துல நடக்க முடியலை." பவித்ரா இரண்டு மாஸ்க்கையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். போட்டாலும் பயனில்லை போலிருந்தது. "இயக்குநர் அறையில நாற்காலி மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

"நாறுதாமா?"

"கேட்டேங்க. ஒரு மாதிரி வாடைன்னு சொன்னார்."

காந்தாவின் வலையில் அன்றைக்கு விழுந்தது ஒரு கூடைச் சகதி, பச்சை பச்சையாக. தாமோதரன் அதைக் கரையில் உதறினான். அவன் இடுப்பிலிருந்து கீழே மின்னினான்.

"ரெண்டாவது பாடும் போச்சு," என்றான். "இருபத்துநாலு நாள்."

"குழாய் மூடிக்கிச்சுல்ல."

"நாலு நாள்ல ஓதம் இழுத்துகினு போயிடும். பச்சை போனா தொறப்பானுங்க. நம்ம முறை வரச்சே பழைய கதைதான்."

காந்தா வேலிப் பக்கம் போனாள். மேரி தலையுறைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேரி, எல்லாத்தையும் கொட்டிட்டியா?"

"ஒரு பாட்டில்தாங்க்கா கொட்டினேன். ஒண்ணே அம்மாந் தூரம் ஓடிச்சே." மேரி சுற்றும் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியின் மேல் கிடந்த கோணியை விலக்கினாள். "பதினாலு இருக்குது. எங்கயாவது கொட்டச் சொல்லி கையெழுத்து, சீலு, எல்லாம் இருக்குது."

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பதினாலு பாட்டிலையும் வரிசையாக வைத்து, பொன்னுரங்கம் நடுவில் உட்கார்ந்தார். தினம் ஒரு கரண்டி, குழாய் வாயில் ஊற்ற வேண்டும். பச்சை அடங்கவே கூடாது. ஊற்றுவது யார் என்று சண்டை வந்தது. எல்லோரும் நான் நான் என்றார்கள்.

"கத்தாதீங்கடா," என்றார் பொன்னுரங்கம். "இருபத்துநாலு வீடு. வீட்டுக்கு ஒரு நாள். அடுத்தவன் நாள்ல ஒருத்தன் கை வெக்கக்கூடாது."

சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். முதல் பாடு காந்தாவுக்கு விழுந்தது.